வீட்டுக்குப் பதில் பங்குப் பத்திரம்

1975 முதல் 1990 வரை லெபனானில் நடந்த உள்நாட்டுப் போர் தலைநகர் பெய்ரூட்டை இரண்டாகப் பிளந்தது. பிளந்த கோடு நகர மையத்தின் தியாகிகள் சதுக்கத்தின் வழியாகவே சென்றது. போர் ஓய்ந்தபோது மையத்தின் கட்டடங்கள் குண்டு துளைத்து நின்றன. ஆனால் பெரும்பாலும் நின்றன. பழுதுபார்க்க முடியாத அளவுக்குப் போர் சிதைத்தது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத்தான் என்றும், 1993-க்குள் அது ஐந்தில் நான்கு பங்காகிவிட்டது என்றும் ஆய்வாளர் சரீ மக்திசி எழுதியிருக்கிறார். மீதியைச் சாய்த்தவை பீரங்கிகள் அல்ல. 1983-லேயே தொடங்கிவிட்ட இடிப்பு வேலைகள்.

1991-ல் வந்த 117-ஆம் எண் சட்டம், நகர மையம் முழுவதையும் ஒரே தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்க வழி செய்தது. 1994-ல் அந்த நிறுவனம் சொலிதேர் என்ற பெயரில் உருவானது. அன்றைய பிரதமர் ரஃபீக் ஹரீரியே அதன் பெரும் பங்குதாரர்களில் ஒருவர்.

இந்த ஏற்பாட்டுக்கு வலுவான நியாயம் இருந்தது. அதை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. ஒரே மனைக்கு எண்ணற்ற வாரிசுகள், அவர்களில் பலர் நாட்டைவிட்டே போனவர்கள். வாடகைதாரர்களின் உரிமை வேறு குறுக்கே நின்றது. கைவிடப்பட்ட கட்டடங்களில் போரால் வீடிழந்த குடும்பங்கள் குடியேறியிருந்தன. அரசிடம் பணமில்லை. ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கக் காத்திருந்தால் மையம் இடிபாடாகவே கிடந்திருக்கும் என்ற வாதம் வெறும் சாக்கு அல்ல. ஃபோஷ், அலென்பி தெருக்களின் பழைய கட்டடங்கள் அக்கறையோடு மீட்கப்பட்டதும் உண்மை.

ஆனால் சட்டம் செய்ததைப் பாருங்கள். உரிமையாளரின் மனையை எடுத்துக்கொண்டு நிறுவனத்தின் பங்குகளைக் கொடுத்தது. வாடகைதாரரின் உரிமைக்கும் பங்குகளே கிடைத்தன. விலையை நிர்ணயித்தவை அரசு அமைத்த குழுக்கள். "தர மாட்டேன்" என்று சொல்ல இடமே இல்லை. பாதுகாக்க ஒதுக்கப்பட்ட இருநூற்றுச் சொச்சம் கட்டடங்களின் உரிமையாளர்கள் மட்டும், நிறுவனத்துக்குக் கட்டணம் செலுத்தி, அதன் விதிப்படி புதுப்பித்தால் திரும்பப் பெற முடிந்தது.

கொடுத்த விலை போதுமா என்ற வழக்கு நெடுநாள் நடந்தது. விலை நியாயமாகவே இருந்திருந்தாலும் தவறு தவறுதான். இடிப்பை எதிர்க்க யாருக்கு எல்லோரையும்விட அதிக உரிமை உண்டோ, அவரையே இடிப்பின் லாபத்தில் பங்காளியாக்கியது இந்தச் சட்டம். தாத்தா வைத்த கடை நிற்க வேண்டும் என்று நேற்று வாதாடியவருக்கு, அது தரைமட்டமாகி அங்கே விலையுயர்ந்த மாடிகள் எழுந்தால்தான் இன்று கையிலிருக்கும் காகிதத்தின் மதிப்பு ஏறும். அவருடைய சொத்தோடு அவருடைய எதிர்ப்பையும் சேர்த்தே வாங்கிவிட்டார்கள். மறுக்க வழியில்லாத இடத்தில் கொடுக்கப்படும் பணம் சம்மதத்தின் அடையாளம் ஆகாது.

பத்திரத்தில் பெயரே இல்லாதவர்களின் இழப்பு இன்னும் பெரியது. பழைய பெய்ரூட்டில் மலைக் கிராமத்துக் கிறிஸ்தவரும் தெற்கிலிருந்து வந்த ஷியாவும் சுன்னி வியாபாரியும் ஒரே சந்தையில் பேரம் பேசினார்கள். சதுக்கத்திலிருந்து எல்லாத் திசைக்கும் வாகனம் கிடைத்தது. பதினைந்து ஆண்டுகள் ஒருவரையொருவர் சுட்ட மக்களுக்கு மறுபடி பழக இப்படியோர் இடம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்! பழைய கடைத்தெருக்கள் இருந்த இடத்தில் 2009-ல் திறக்கப்பட்ட புதிய வளாகம், பெரும்பாலான லெபனானியர் வாங்க முடியாத பொருள்களுக்கானது. எந்த மதிப்பீட்டுக் குழுவும் இந்த இழப்பைக் கணக்கில் எழுதவில்லை, எழுதும் கடமையும் அதற்கு இல்லை. அதனால்தான் அந்தக் கணக்கை மட்டும் வைத்து ஒரு நகரத்தின் நடுவை இடிக்கக் கூடாது.

2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுக வெடிப்பு ஜெம்மைசே, மார் மிகாயேல் பகுதிகளின் பழைய வீடுகளைச் சிதைத்தபோது, மக்கள் முதலில் அஞ்சியவர்களில் மனை வாங்க வருபவர்களும் உண்டு. அதே ஆண்டு லெபனான் நாடாளுமன்றம், பாதிக்கப்பட்ட பகுதிகளில் சொத்து விற்பனையை இரண்டு ஆண்டுகளுக்குத் தடைசெய்து சட்டம் இயற்றியது. நகர மையத்தின் மக்களுக்கு 1991-ல் அந்த அவகாசம்கூடக் கொடுக்கப்படவில்லை.