பலர் கைக்கொள்வது ஓர் அளவையாகுமா?

ஒரு பொருளைப் பலர் கைக்கொண்டிருப்பது அதன் தகுதிக்குச் சான்றாகுமா என்னும் வினா, உண்மையை அறியும் வழிகள் யாவை என்று ஆராய்ந்த இந்தியத் தருக்க மரபோடு நேரே தொடர்புடையது. அவ்வழிகளை அம்மரபு அளவைகள் என்கிறது. மணிமேகலையின் ‘சமயக்கணக்கர் தந்திறம் கேட்ட காதை’யில் வைதிகவாதி அடுக்கிச் சொல்லும் பத்து அளவைகளுள் ஐதிகமும் ஒன்று. இன்ன மரத்தில் பேய் உண்டென்று உலகத்தார் சொல்லிவருவதையே ஆதாரமாகக் கொண்டு, அங்கே பேய் உண்டெனத் தெளிவது ஐதிகம். அதே காப்பியத்தில் பின்னர் அறம் உரைக்கும் அறவண அடிகளோ, பௌத்தத் தருக்க நெறியைப் பின்பற்றி, புலன்களால் நேரே அறியும் காட்சியையும் அதன்வழி உய்த்துணரும் கருத்தையும் மட்டுமே அளவைகளாக ஏற்று, ஏனையவற்றைக் கருத்தினுள் அடக்கிவிடுகிறார். ஊரார் சொல்லுக்கு அவர் தனி மதிப்புத் தரவில்லை. உய்த்துணர்வுக்கு அது துணைநிற்குமானால், அந்த அளவிலேயே அதற்கு இடமுண்டு.

சிங்கப்பூரின் ஃபேரர் பார்க் வட்டாரத்தில் இவ்வினா ஏட்டோடு நிற்பதில்லை. சிராங்கூன் சாலையில் ஸ்ரீநிவாசப் பெருமாள் கோவிலும், அதற்குச் சற்றுத் தொலைவில் ரேஸ்கோர்ஸ் சாலையில் சாக்கியமுனி புத்தகயா கோவிலும் அமைந்த இவ்வட்டாரத்தின் சிறுவணிகர், தொழிலுக்கென ஒரு திறன்பேசி வாங்கப் புறப்படும்போது, “எல்லாரும் இதைத்தான் வாங்குகிறார்கள்” என்னும் ஐதிகமே முதலில் அவர் காதில் விழுகிறது. பெரும்பாலும் ஆராய்ச்சியும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இவ்வாதத்தைத் தருக்க நூலார் முறைப்படி பிரித்துப் பார்த்தால், ‘இப்பேசி நம்பத்தக்கது’ என்பது நிறுவ வேண்டிய பக்கம். ‘பலர் வாங்குவதால்’ என்பது அதற்குக் காட்டப்படும் ஏது, அதாவது காரணம். நல்ல ஏது, நிறுவ வேண்டிய தன்மை உள்ள இடத்தில் மட்டுமே காணப்பட வேண்டும். அது இல்லாத இடத்திலும் காணப்படும் ஏதுவை அநைகாந்திகம், அதாவது முடிவு தர வல்லமையற்ற காரணம், என்று ஒதுக்குவர். உலகெங்கும் விற்பனையில் முன்னின்ற சாம்சங் நிறுவனம் 2016இல் வெளியிட்ட கேலக்சி நோட் 7 பேசிகள், மின்கலம் தீப்பற்றியதால் திரும்பப் பெறப்பட்டன; அவ்வாண்டு அக்டோபரிலேயே அவற்றின் உற்பத்தியும் நிறுத்தப்பட்டது. பலர் விரும்பியதும் நம்பத்தகாததும் ஒரே பொருளில் சேர்ந்திருந்தமையால், மேற்கண்ட ஏது நிலைபெறவில்லை.

எனினும், இதைக்கொண்டு ஐதிகத்தை முற்றாகத் தள்ளிவிடுவது அவசரமாகும். ஊரார் எத்தனை முறை சொன்னாலும் மரத்தில் பேய் குடியேறிவிடாது. திறன்பேசியிலோ, பலர் நம்பி வாங்குவதே பயனை உண்டாக்கிவிடுகிறது. செயலி எழுதுவோர் பலர் இருக்கும் இடத்துக்கே எழுதுகிறார்கள். சிலர் மட்டுமே எஞ்சிய இடத்தைக் கைவிடுகிறார்கள். விண்டோஸ் பேசிகளுக்கான சேவையை வாட்ஸ்அப் 2019 டிசம்பர் 31உடன் நிறுத்தியபோது அப்பேசிகளின் கண்ணாடியோ மின்கலமோ கெட்டுப்போகவில்லை. தன் பழைய இயங்குதளத்துக்கு அளித்துவந்த ஆதரவை பிளாக்பெரி 2022 ஜனவரி 4இல் முடித்துக்கொண்டபோதும், சிங்கப்பூரில் 2017 ஏப்ரலில் 2ஜி அலைவரிசை நிறுத்தப்பட்டபோதும் நேர்ந்தது இதுவே: கருவி அப்படியே இருந்தது, அதன் பயன் மட்டும் போயிற்று. ஆகவே இயங்குதளம், அதாவது பேசியின் செயலிகள் அனைத்தையும் தாங்கும் அடிப்படை மென்பொருள், எத்தனை பேரிடம் உள்ளது என்பது நேர்மையான ஏதுவாகிறது. எண்ணிக்கைக்கும் பயனுக்கும் இடையே காரண காரியத் தொடர்பு அங்கே உண்டு. ஒரே இயங்குதளத்தில் ஓடும் பல நிறுவனப் பேசிகளுள் எதைப் பலர் வாங்குகின்றனர் என்பதற்கு அத்தகைய தொடர்பு மிகக் குறைவு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வதிலேதான் வாங்குவோரின் மயக்கம் பிறக்கிறது. விற்போருக்கு அம்மயக்கம் இலாபமென்று சொல்லவும் வேண்டுமோ!

சிறுவணிகரின் ஒருநாள் வேலையைக் காட்சி அளவையால் நோக்கினால் தேவை எதுவெனத் தெளிவாகும். கோவிலை ஒட்டிப் பூ விற்பவரின் விரல் எப்போதும் ஈரம். துண்டில் துடைத்துக்கொண்டு தொட்டாலும் கைரேகை உணரி பலமுறை ஏற்பதில்லை என்பதால், எண்களால் விரைந்து திறக்கக்கூடிய பேசி அவருக்கு வேண்டும். வாடிக்கையாளர் விரைவுக்குறியீட்டை வருடி பேநவ் என்னும் பணப்பரிமாற்றச் சேவை வழியாகப் பணம் செலுத்தியபின், அது வந்து சேர்ந்ததற்கான ஒலி பேருந்துகளின் இரைச்சலை மீறிக் கேட்க வேண்டும்; மின்கலம் கடை சாத்தும்வரை தாங்க வேண்டும். இந்தியாவில் சொந்த ஊரிலுள்ள வங்கியின் ஒருமுறைக் கடவெண் இந்திய எண்ணுக்கே வருமாயின் இரண்டு சிம் அட்டைகளுக்கு இடம் வேண்டும். ஆண்டிராய்டு தளத்தில் ஓடும், பலர் பெயரறியாத பேசி இவை அனைத்தையும் செய்யுமானால், பெயர்பெற்ற பேசிக்குக் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளி கல்லாமேசையில் பிறர் பார்வைக்கு வைக்கப்படும் மதிப்புக்கான விலையே. சமயநூல்கள் பற்று என்று குறிப்பதன் சிறுவடிவம் அது. பலரிடம் இல்லாததைத் தான் வைத்திருப்பதாகப் பெருமைகொள்வதும் அதே பற்றின் மறுபக்கமேயன்றி, துறவன்று.

வணிகருக்கு மற்றொரு கடமையும் உண்டு. அவர் பேசியில் அவருடைய பணம் மட்டுமன்றி, வாடிக்கையாளரின் எண்களும் முகவரிகளும் இருக்கின்றன. பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்றுபோன பேசியால் விளையும் இழப்பு பிறரையும் சேரும். கூகுள் 2023இல் பிக்சல் 8 வரிசைக்கு ஏழாண்டுப் புதுப்பிப்பை அறிவித்தது. மலிவான பேசிகள் பலவற்றுக்கு இக்காலம் மிகக் குறுகியது. ஆகவே, அதிகம் பேர் வாங்காத பேசியைத் தொழிலுக்குத் தேர்வது தக்கதே. ஆனால் அதன் இயங்குதளம் பலரிடம் உள்ளதாக இருக்க வேண்டும், பாதுகாப்புப் புதுப்பிப்பு எந்த ஆண்டுவரை வரும் என்பதைத் தயாரிப்பாளர் எழுத்தில் அறிவித்திருக்க வேண்டும். இவ்விரண்டில் ஒன்று குறைந்தாலும், விலை எவ்வளவு மலிவாயினும், அப்பேசியைத் தவிர்ப்பதே முறை.