ஒன்றும் நடக்காத நாள்

'விபத்து' என்ற சொல் நமக்குச் செய்திருக்கும் உபகாரம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் போதும். குற்றம் செய்தவன் தேறிக்கொள்கிறான், பார்த்துக்கொண்டிருந்தவனும் தேறிக்கொள்கிறான், செத்தவர் வீட்டாரும் தலையெழுத்து என்று கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். பத்திரிகைக்காரர்கள் அதற்கு முன்னால் 'எதிர்பாராத' என்று ஓர் அடைமொழி வேறு சேர்த்துவிடுகிறார்கள். எதிர்பாராதவர் யார் என்பதுதான் என் கேள்வி.

போடிநாயக்கனூர்ப் பக்கம் போயிருப்பவர்களுக்குத் தெரியும். ஏலக்காய் மணக்கும் அந்த ஊரில் பொழுது நன்றாக விடிவதற்கு முன்பே ஜீப்புகள் புறப்பட்டுவிடுகின்றன. போடி, தேவாரம், கோம்பை, கம்பம் என்று அடிவாரத்து ஊர்களிலிருந்தெல்லாம் பெண்கள் தூக்குச்சட்டியோடு ஏறிக்கொண்டு, போடிமெட்டு வழியாகவும் கம்பமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களுக்குப் போகிறார்கள். சாயங்காலம் அதே வண்டியில் திரும்பி இறங்குகிறார்கள். பத்துப் பேர் உட்கார வேண்டிய வண்டியில் அதைப் போல ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆட்கள் நெருக்கியடித்துக்கொண்டிருப்பார்கள். யாராவது முணுமுணுத்தால், "நேத்தும் இப்படித்தானே வந்தோம் அக்கா, என்ன ஆயிப்போச்சு?" என்று பக்கத்திலிருப்பவளே சமாதானம் சொல்லிவிடுவாள்.

இப்போது இரண்டு டிரைவர்களை நினைத்துக்கொள்ளுங்கள். இருவர் வண்டியும் ஒரே மாதிரி வண்டி. இருவரும் 18 பேரை ஏற்றிக்கொண்டு, தேய்ந்த பிரேக்கோடு, மழை நாளில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார்கள். ஒருவன் வீடு போய்ச் சேர்ந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறான். மற்றவன் வளைவில் எதிரே ஒரு லாரி வருகிறது. வண்டி பள்ளத்தில் போகிறது. முதலாமவனை ஊர், 'கைதேர்ந்த டிரைவர்' என்கிறது. இரண்டாமவனைக் கொலைகாரன் என்கிறது. இருவரும் செய்தது ஒரே காரியம். வித்தியாசம் லாரியில் இருந்ததே தவிர இவர்களிடம் இல்லை. அப்படியானால் பாவம் என்பது செயலில் இருக்கிறதா, லாரியில் இருக்கிறதா?

இந்தக் கேள்வியை 1976ஆம் ஆண்டு பெர்னார்டு வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்ற இரு தத்துவ ஆசிரியர்கள் எழுப்பி, அறத்திலும் அதிர்ஷ்டத்துக்குப் பங்குண்டோ என்று வெகுவாக விவாதித்தார்கள். அவர்களுடைய விவாதம் இன்னும் முடியவில்லை. முடிகிறவரை காத்திருக்க மலைச் சரிவில் இறங்குகிற பெண்களுக்கு நேரமில்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: பள்ளத்தில் விழாத அந்த முதல் டிரைவரையும், அவனுக்கு அந்தப் பாரத்தை ஏற்றிவிட்டவர்களையும் நாம் விசாரிக்காத வரையில், இரண்டாமவனை விசாரிப்பதில் அர்த்தமே இல்லை. விபத்து நடந்த நாளை மட்டும் ஆராய்கிறோம். அதற்கு முந்திய, ஒன்றும் நடக்காத இருநூறு நாட்களும் அதே விபத்தின் பாகங்கள் அல்லவா?

1931இல் ஹெயின்ரிக் என்ற அமெரிக்க இன்ஷூரன்ஸ் அதிகாரி தொழிற்சாலை விபத்துக்களைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். ஒரு பெரிய காயத்துக்குப் பின்னால் 29 சிறு காயங்களும், யாருக்கும் காயமில்லாமல் தப்பிய 300 சம்பவங்களும் இருக்கின்றன என்றார். அதே ஆசிரியர், நூற்றுக்கு 88 விபத்துக்களுக்குத் தொழிலாளியின் தவறான செய்கையே காரணம் என்றும் சொல்லிவைத்தார். அவர் கணக்குகளைப் பின்வந்தவர்கள் பலமாகச் சந்தேகித்தார்கள். அவர் புரட்டிய காகிதங்களில் பெரும்பகுதி மேற்பார்வையாளர்களின் அறிக்கைகளை நம்பி எழுதியவை. மேஸ்திரி எழுதும் அறிக்கையில் மேஸ்திரியின் குற்றம் எப்படி வரும்? இருந்தாலும் உலகம் இரண்டாவது வாசகத்தைத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. வசதியான வாசகத்தைப் பிடித்துக்கொள்வதில் உலகம் எப்போதுமே கெட்டிக்காரத்தனம் காட்டியிருக்கிறது.

போபால் ஆலையின் கதையும் ஒன்றும் நடக்காத நாட்களின் கதைதான். 1984 டிசம்பர் 2ஆம் தேதி நள்ளிரவில் விஷவாயு வெளியேறியது. அந்த ரசாயனத்தைக் குளிர்ச்சியாக வைத்திருக்க வேண்டிய இயந்திரத்தைப் பல மாதங்களுக்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தார்கள். தப்பும் வாயுவை எரித்துவிட வேண்டிய கோபுரமும் அன்று உபயோகத்தில் இல்லை. இயந்திரத்தை நிறுத்திய மறுநாள் ஏதாவது நடந்ததா? இல்லை. மறு மாதம்? அப்போதும் இல்லை. ஆகவே செலவு மிச்சம் என்று எண்ணினார்கள். ராஜ்குமார் கேஸ்வானி என்ற பத்திரிகையாளர் 1982லிருந்தே அபாயத்தை எழுதிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு நாளும் நகரம் பத்திரமாக விடிந்ததால், ஒவ்வொரு நாளும் அவர் பொய்யரானார்!

வள்ளுவர் 'பொச்சாவாமை' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். மகிழ்ச்சி மிகுதியில் வரும் மறதி, அளவு மீறிய கோபத்தைவிடக் கெட்டது என்பது அவர் கருத்து. எல்லாம் நன்றாக நடக்கும்போதுதான் மனிதன் சோர்கிறான் என்பதை அவர் கண்டிருக்கிறார். நான் வியப்பது வேறொன்றை. அந்த அதிகாரத்தை அவர் அரசியலில், அரசனுக்குச் சொல்லும் புத்திமதிகளுக்கிடையே வைத்தார். மறக்கக் கூடாது என்ற கட்டளை ஆளுகிறவனுக்கு. நாமோ அதை எடுத்து, ஜீப்பின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவளிடம் கொடுத்து, "ஜாக்கிரதையாக இரு" என்கிறோம்.

"அவர்களாகத்தானே ஏறுகிறார்கள்?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விபோலத்தான் தோன்றும். ஏறாமல் நின்றுவிட்டால் அன்றைக்குக் கூலி இல்லை, நாளைக்கு அவள் இடத்தில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பாள் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் அந்த நியாயம் எவ்வளவு தூரம் நிற்கும்? பசிக்கும் பள்ளத்துக்கும் நடுவே நிறுத்திவிட்டு, இஷ்டம்போல் தேர்ந்தெடுத்துக்கொள் என்று சொல்வதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

தோட்டத்துக்குள்ளேயும் இதே கதைதான். ஏலக்காய், செடியின் உச்சியில் காய்ப்பதல்ல. அடித்தூரில், மண்ணோடு படர்ந்த சரங்களில் காய்க்கிறது. குனிந்தும் குந்தியும்தான் பறிக்க வேண்டும். இலைப்பேனுக்கும் தண்டு துளைக்கும் புழுவுக்கும் மருந்து அடித்த தோட்டத்தில், மேலே இருக்கிற இலையின் ஈரமெல்லாம் பறிப்பவள் தலையிலும் முதுகிலும்தான் சொட்டுகிறது. 2023 ஜனவரியில், ஏலக்காயில் பூச்சிமருந்து மிச்சம் இருந்ததென்று சபரிமலை அரவணைப் பாயச விற்பனையையே கேரள உயர்நீதிமன்றம் நிறுத்தியது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் தேங்கிப்போயின. மறு ஆண்டு உச்சநீதிமன்றம் அந்த உத்தரவை ரத்துச் செய்தது. யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. பாயசத்தில் கரைந்த ஒரு துளியைத் தேடிப் பரிசோதனைச் சாலை வரைக்கும் போன நாம், அந்தத் துளி முதலில் விழுந்த முதுகைத் தேடிப் போகவில்லையே என்றுதான் நினைத்தேன்.

சாவு வந்தால் சட்டம் வருகிறது. 2018 மார்ச் 11ஆம் தேதி குரங்கணி மலைக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் 23 பேர் மாண்டார்கள். அதன் பிறகு தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்கு விதிகள் எழுதப்பட்டன. 2023 ஆகஸ்ட் 25ஆம் தேதி வயநாட்டில் மானந்தவாடிக்கு அருகே, வேலை முடிந்து திரும்பிய தேயிலைத் தொழிலாளிகளின் ஜீப் பள்ளத்தில் விழுந்து 9 பெண்கள் இறந்தார்கள். இப்படி ஒரு செய்தி வந்தால் சில நாட்களுக்கு எல்லா மலைச் சாலைகளிலும் தலையை எண்ணுவார்கள். பிறகு வெயில் அடிக்கும், சாலை காயும், எண்ணுகிறவர் டீ குடிக்கப் போய்விடுவார்.

வெயில் அடிக்கிற நாளில் எண்ணுவதுதான் கஷ்டமான அறம். பளிச்சென்ற ஒரு காலையில், ஒன்றுமே நடக்காதபோது, ஒரு போலீஸ்காரர் மெட்டில் ஜீப்பை நிறுத்தி எட்டுப் பேரை இறங்கச் சொன்னால் அவரை யார் வாழ்த்துவார்கள்? டிரைவர் ஏசுவான், கங்காணி ஏசுவான், இறக்கிவிடப்பட்ட எட்டுப் பெண்களும்தான் ஏசுவார்கள், அன்றைய கூலி போயிற்றே! அவரால் பிழைத்தவர்கள் யாரென்று அவருக்கும் தெரியாது, பிழைத்தவர்களுக்கும் தெரியாது. அவர் மறுநாளும் அதைச் செய்ய வேண்டுமானால், இறக்கிவிட்ட எட்டுப் பேருக்கும் இரண்டாவது ஜீப் ஒன்று பின்னாலேயே வந்து நிற்க வேண்டும். அதன் வாடகையை அவர்கள் கூலியில் பிடிக்கவும் கூடாது. 2019 ஆகஸ்டில் ஏலக்காய் கிலோவுக்கு 7,000 ரூபாய் வரை ஏலம் போயிற்று. வியாபாரிகள் கொட்டகைச் செலவு, உலர்த்தும் செலவு, சாக்குச் செலவு வரைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த இரண்டாவது ஜீப்பை எந்தப் பக்கத்தில் எழுதுவார்கள் என்று போடிக் கடைவீதியில் யாரிடமாவது கேட்டுப் பார்க்க வேண்டும்.