கூறியது கூறலும் சுருக்கிய கோப்பும்

சொன்னதையே திரும்பச் சொல்வதால் பொருள் வளர்கிறதா, ஏடு மட்டும் நிறைகிறதா என்னும் வினாவுக்கு நம் மரபில் இரு விடைகள் உண்டு. நன்னூல், ‘கூறியது கூற’லை நூலுக்குரிய பத்துக் குற்றங்களுள் ஒன்றாக எண்ணுகிறது, மீமாம்சையும் வேதாந்தமுமோ ஒரு நூலின் உட்கருத்தை அறிவிக்கும் ஆறு அடையாளங்களுள் ஒன்றாக அப்பியாசத்தை, அதாவது ஒன்றையே மீண்டும் மீண்டும் கூறுவதை, வைத்துப் போற்றுகின்றன.

ஆண்டாளின் திருப்பாவையைத் தட்டெழுதி, 1992இல் வெளிவந்த ஜிஜிப் என்னும் சுருக்கு நிரலிடம் கொடுத்தால், அது முதலில் நன்னூலின் பக்கம் நிற்பதாகவே தோன்றும். முப்பது பாசுரங்களும் ‘எம்பாவாய்’ என்னும் ஒரே ஈற்றில் முடிவதால், லெம்பெல், ஜிவ் என்னும் இருவர் 1977இல் வகுத்த முறைப்படி, அவ்வீற்றை முதல் பாசுரத்தில் எழுத்தாக வைத்துக்கொள்ளும் நிரல், அடுத்து அது வரும் இடங்களில் ‘இத்தனை பைட் பின்னே போய் இத்தனை பைட்டை எடு’ என்னும் சிறு குறிப்பை மட்டும் பொறிக்கிறது.

ஆனால் பல கோப்புகளை ஒரே பொதியாகக் கட்டும் டார் நிரலை முனையத்தில் அழைத்து, ‘பிரித்தெடு’ என்பதற்கு எக்ஸ், ‘ஜிஜிப் சுருக்கத்தை அவிழ்’ என்பதற்கு இசட், ‘இக்கோப்பிலிருந்து’ என்பதற்கு எஃப் ஆகிய எழுத்துகளோடு, திருப்பாவைக் கோப்பு அடங்கிய பொதியின் பெயரையும் கட்டளையாகக் கொடுத்தால், முப்பது ஈறுகளும் ஓரெழுத்தும் குறையாமல் திரும்பி வருகின்றன. வந்தது பழுதற்றதா என்பதை, சுருக்கிய கோப்பின் கடைசியில் பதிந்துள்ள சரிபார்ப்பு எண்ணோடு நிரலே ஒப்பிட்டுப் பார்க்கிறது. கண்ணுக்குத் தெரியாது என்று ஜேபெக் படம் சிலவற்றைக் கழித்துவிடுவது போல, ‘ஒருமுறை சொல்லியாயிற்று’ என்று இருபத்தொன்பது ஈறுகளைக் கழித்துவிட இங்கே அனுமதியே இல்லை. ஆகவே நிரல் மிச்சப்படுத்துவது இடத்தைத்தான்; திரும்பக் கூறியதைக் குற்றம் என்று அது தள்ளவில்லை.

எனினும் அப்பியாசத்தின் முழு ஆழம் பொதிக்குள் அடங்குவதில்லை. நிரலுக்கு முதல் ஈறும் முப்பதாம் ஈறும் ஒன்றே, இடைப்பட்ட தொலைவு பைட் கணக்கே. ஆண்டாளின் ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அண்டையிலுள்ள வத்திராயிருப்பிலும் மார்கழி விடியலில் நாளுக்கொரு பாசுரமாக அனுசந்திப்பவர்க்கு, ஓர் ஈற்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு பகலும் ஒரு பனியிரவும் கிடக்கின்றன. பத்தாம் நாள் அவ்வீற்றைச் சொல்லும் நெஞ்சு, ஒன்பது நாள் நோன்பிருந்த நெஞ்சு. சாற்றுமுறையில், அதாவது பாராயணத்தை நிறைவு செய்யும் பகுதியில், கடைசி இரு பாசுரங்களும் முதல் நாளிலிருந்தே நாள்தோறும் ஓதப்பட்டு, இருபத்தொன்பதாம், முப்பதாம் நாள்களில் அந்தந்த நாளுக்குரிய பாசுரங்களாகவும் ஒலிக்கின்றன.