எழுந்தவர் கடன்

தோல்வி மனிதனைப் புடம்போடுகிறது என்பது நம் பாடசாலை மேடைகளிற் சலியாது ஒலிக்கும் வாசகம். பரீட்சையில் தவறிய மாணவனுக்கும் ஓட்டப் போட்டியிற் பின்தங்கிய மாணவிக்கும் இதனையே ஆறுதலாக வழங்குகின்றோம். வழங்கியதும் கடமை முடிந்ததெனக் கலைந்து செல்கின்றோம். வள்ளுவர் ‘இடுக்கணழியாமை’ என்று ஓர் அதிகாரமே வகுத்திருக்கிறாரே என அவரையும் துணைக்கு அழைக்கின்றோம். துன்பத்தில் மனந்தளராமை உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆனால், துன்பத்தை வென்று எழுந்த ஒருவர், இன்னும் எழமாட்டாது கிடப்போருக்குச் செலுத்தவேண்டிய கடன் யாது? உபதேசமா, உதவியா? இவ்வினாவே இங்கு ஆராயற்பாலது.

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1940ஆம் ஆண்டு பிறந்த வில்மா ருடோல்பின் வாழ்க்கையை எடுத்துக்கொள்வோம். தந்தையின் இருபத்திரண்டு பிள்ளைகளுள் இருபதாமவர். வறிய கறுப்பினக் குடும்பம். தந்தை புகையிரத நிலையச் சுமையாள். தாய் வீட்டு வேலைக்காரி. இளம்பிள்ளைவாதம் அவரது இடதுகாலைத் தாக்கிற்று. நோயினாற் பள்ளிக்குப் பிந்தியே செல்ல முடிந்தது. பன்னிரண்டு வயதளவிலேதான் இரும்புச் சட்டமும் சிறப்புச் சப்பாத்தும் இன்றி நடந்தார். அந்தச் சிறுமியே 1960இல் ரோமாபுரி ஒலிம்பிக்கில் மூன்று தங்கப் பதக்கங்கள் வென்றார்.

இக்கதையை நம் மேடைப் பேச்சாளர் கூறும்போது, ‘மனவுறுதி இருந்தால் எதையும் சாதிக்கலாம்’ என்று முடித்துவிடுவர். உண்மை அவ்வளவு எளியதன்று. நிறவேற்றுமை காரணமாக அருகிலிருந்த மருத்துவ வசதிகள் மறுக்கப்பட்ட நிலையில், ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவிலிருந்த நாஷ்வில் நகரின் கறுப்பின மக்களுக்கான மருத்துவமனைக்குத் தாய் அவரை வாரந்தோறும் பேருந்தில் அழைத்துச் சென்றாள். வீட்டிலே உடன்பிறந்தோர் முறைவைத்து நாளொன்றுக்கு நான்கு முறை அக்காலைப் பிடித்துவிட்டனர். 1958இல், பதினெட்டு வயதில், வில்மா தாயானார். அத்துடன் பல பெண்களின் படிப்பும் விளையாட்டும் முடிந்துவிடும். குழந்தையைக் குடும்பத்தார் பொறுப்பேற்றதனாலேயே அவர் அதே ஆண்டில் டென்னசி அரச பல்கலைக்கழகம் புக முடிந்தது. வேலைசெய்துகொண்டே கற்று, 1963இற் பட்டம் பெற்றார். அவருடைய உறுதியை யார் மறுப்பர்? எனினும், அவ்வுறுதி ஊன்றி நிற்பதற்குப் பலரது கைகள் நிலமாயிருந்தன. தனியொருவர் வெற்றி என்று நாம் போற்றுவது, உற்றுநோக்கின், ஒரு கூட்டத்தின் உழைப்பே.

இதனை வில்மா உணர்ந்திருந்தார் என்பதற்கு அவரது செயல்களே சான்று. ரோமாபுரியிலிருந்து திரும்பியபோது, வெள்ளையரும் கறுப்பரும் தனித்தனியே அமரும் வரவேற்பை அவர் ஏற்க மறுத்தார். அதன் பயனாகக் கிளாக்ஸ்வில் நகரில் முதன்முறையாக இருசாராரும் கலந்துகொண்ட பொதுவிழா நிகழ்ந்தது. பதக்கங்கள் அவருக்குச் செல்வம் தரவில்லை. ஆசிரியராகவும் பயிற்றுநராகவும் உழைத்தே வாழ்ந்தார். 1981இல் தமது பெயரால் ஓர் அறநிலையம் நிறுவி, வறிய பிள்ளைகளுக்கு இலவச விளையாட்டுப் பயிற்சியும் படிப்பில் உதவியும் கிடைக்கச் செய்தார். ஓடும் பிள்ளைக்குக் கல்வியும் வேண்டும் என்று கண்ட அந்த நோக்கே சிறப்புடையது. ‘நான் எழுந்தேன், நீயும் எழு’ என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. எழுவதற்கு ஏற்ற படிகளை அமைத்தார்.

உதவி பெற்றவன் வலிமை இழப்பான், இடர்ப்பாடே அவனை வளர்க்கும் என்று வாதிடுவோர் உளர். இவ்வாதத்தை அவர்கள் தம் பிள்ளைகளிடத்தில் ஒருபோதும் சோதித்துப் பார்ப்பதில்லை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்குப் பரீட்சைத் தோல்வி ஓராண்டுத் தாமதம். மறுமுறை எழுத ஆசிரியரும் பணமும் உண்டு. கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு அதே தோல்வி கதவடைப்பு. தோல்வி இருவருக்கும் ஒன்றே. அதன் சுமையோ வர்க்கத்துக்கு வர்க்கம் வேறு. சுமையின் பாரத்தை அளவிடாது மனவுறுதியை மட்டும் அளவிடுவது அறமாகாது.

வில்மா பதினாறு வயதிற் பங்குகொண்ட 1956ஆம் ஆண்டு மெல்போர்ண் ஒலிம்பிக்கில் நம் நாட்டவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கமும் உயரம் பாய்ந்தார். யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியின் மாணவரான அவர், 1952இல் ஹெல்சிங்கியிலும் பின்னர் மெல்போர்ணிலும் பதக்கமின்றியே திரும்பினார். 1958இல், இந்நாடு இனக்கலவரத்தில் எரிந்த அதே காலத்தில், டோக்கியோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்கு முதலாவது ஆசியத் தங்கத்தை ஈட்டினார். அவரும் பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்றுக் கல்வியாளராகப் பணியாற்றினார். பிற்காலத்தில் வடபுலத்து இளைஞரின் விளையாட்டு வளர்ச்சியில் அக்கறை செலுத்தினார்.

நம் வகுப்பறைகளை நோக்குவோம். மெய்வல்லுநர் போட்டிக் காலத்திற் பாடசாலையின் பெருமைக்காக ஒரு மாணவனை மைதானத்திலே நிறுத்துகின்றோம். அவன் தவறவிட்ட பாடங்களை யார் மீளக் கற்பிக்கின்றனர்? கேடயம் அதிபரின் அறையிலே மின்னுகிறது, க.பொ.த. சாதாரண தரத்தில் அவன் பெற்ற குறைந்த புள்ளியோ அவனுடைய தனிக்குற்றமாகப் பதியப்படுகிறது. மற்றொருத்தியின் கால் சுளுக்கிவிட்டால், அடுத்த பருவத்தில் அவள் பெயரே எவருக்கும் நினைவில்லை. படிப்பிலும் விளையாட்டிலும் ஒருங்கே பின்தங்கிய பிள்ளையை நோக்கி ‘முயற்சி திருவினையாக்கும்’ என்பது, பசித்தவனுக்கு உண்ணும் முறையை விளக்குவது போன்றது.

பயிற்சி முடிந்து வரும் பிள்ளைக்கு மாலையில் ஒரு மணிநேரப் பாடமும் ஒரு வேளை உணவும் கிடைக்கச் செய்வோம். காயமுற்றவரைக் குழுவினின்றும் நீக்காது, இளையோரைப் பயிற்றும் பொறுப்பை அவரிடம் ஒப்படைப்போம். தவறிய பாடத்தை மறுமுறை எழுதும்வரை அவர் கையை விடாதிருப்போம். இவற்றிற்கு ஓர் ஆசிரியரின் நல்லெண்ணம் தொடக்கமாகலாம், முடிவாகாது. மைதானமும் உணவும் பயிற்றுநரும் நகரப் பெருங்கல்லூரிகளின் தனியுரிமையாக இருக்கும்வரை, கிராமத்துப் பிள்ளை தனது ஓட்டத்தைப் பல யார் பின்னிருந்தே தொடங்குகிறது. அவ்விடைவெளியை அகற்றுமாறு அரசைக் கேட்பதும் ஆசிரியரின் தொழிலே.

வீழ்ந்து எழுந்தவர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் மேடையேறித் தம் கதையைக் கூறட்டும், கேட்டு மகிழ்வோம். மேடையினின்றும் இறங்கியபின் எந்தப் பிள்ளையின் அருகிற் போய் அமர்கின்றனர் என்பதைக் கொண்டே அவர்களது வெற்றியின் பெறுமதியை அளப்போம்.