ஆமை புகுந்த வீடு

‘ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது’ என்று ஒரு பழமொழி நம்மிடையே வழங்குகிறது. அமீனா வந்துபோன வீட்டில் அண்டா குண்டான் மிஞ்சாது என்பது உண்மைதான். ஆனால் ஆமை என்ன செய்தது? அது பொருளைத் தூக்கிக்கொண்டு போவதில்லை. அண்டை அயலில் கோள் சொல்வதில்லை. இருக்கும் இடம் தெரியாமல் இருப்பதே அதன் இயல்பு. பழமொழி சொன்னவர்கள் வீட்டின் கதியைப் பற்றித்தான் கவலைப்பட்டார்கள். வீட்டுக்குள் புகுந்த ஆமையின் கதி என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்கவில்லை. அதையும் ஒருமுறை கேட்டுப் பார்ப்பது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் ஊரில் ஆமை வீட்டுப் பிராணி அல்ல. ஆகவே விடை தேட இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும். அங்கே இந்தப் பழக்கம் இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக இருந்து வருகிறது. செல்போர்ன் என்ற சிற்றூரில் வாழ்ந்த கில்பர்ட் ஒயிட் என்ற பாதிரியாரின் அத்தை ஓர் ஆமையை வளர்த்தார். 1780-இல் அத்தை இறந்தபின் ஒயிட் அதைத் தம் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார். அதற்குத் திமோதி என்று பெயர். 1793-இல் ஒயிட் இறந்தார். அடுத்த ஆண்டுதான் ஆமை இறந்தது. வளர்த்த இருவரையும் வழியனுப்பிவிட்டுப் போன அந்தப் பிராணியின் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆண்பெயர் இட்டு அழைத்தார்களே, அது பெண் ஆமை என்பது பிற்காலத்தில்தான் தெரிந்தது. ஒயிட்டைப் போல் பிராணிகளை உற்றுக் கவனித்தவர்கள் அரிது. அவருக்கே அது தெரியவில்லை. அன்பு இருந்துவிட்டால் அறிவும் தானே வந்துவிடும் என்று நாம் எண்ணுகிறோமே, அது அவ்வளவு சுலபம் அல்ல.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஆசை வியாபாரமாயிற்று. மத்தியதரைக் கடலோர நாடுகளிலிருந்து ஆமைகள் ஆண்டுதோறும் கூட்டம் கூட்டமாகக் கப்பலேறின. குளிரும் ஈரமும் தாங்காமல் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளிலேயே மடிந்தன. 1984-இல் ஐரோப்பிய நாடுகள் அந்த வியாபாரத்தைத் தடை செய்தன. இன்று அங்கே விற்கப்படுபவை பெரும்பாலும் மனிதர் பராமரிப்பிலேயே முட்டையிலிருந்து வெளிவந்த குஞ்சுகள். தீப்பெட்டியைவிடச் சிறிய ஒரு குஞ்சை வாங்கி வருகிறவர், அதற்கு வீட்டுக்குள் ஓர் இடம் அமைக்க வேண்டும். அங்கேதான் தர்மசங்கடம் தொடங்குகிறது.

முதலில் நினைவுக்கு வருவது கண்ணாடித் தொட்டி. மேசைமேல் வைத்தால் அழகாக இருக்கும். நாலு புறமும் நின்று பார்க்கலாம். ஆனால் கண்ணாடி என்பது என்னவென்று ஆமைக்குத் தெரியாது. எதிரே வெளி தெரிகிறது. நடந்தால் வழி இல்லை. பொழுதெல்லாம் முட்டிக்கொண்டே நிற்கும். ஆகையால் அனுபவசாலிகள் மேற்புறம் திறந்த மரப்பெட்டியைச் சொல்கிறார்கள். நாலடி நீளம், இரண்டடி அகலம். ஏறித் தாண்ட முடியாத உயரத்தில் மரச்சுவர். பார்க்கிறவனுக்கு அதில் கொஞ்சம் நட்டம்தான், ஆமைக்கு நிம்மதி.

பெட்டியின் ஒரு கோடியில் விளக்கு. அதன் கீழே 32 முதல் 35 டிகிரி செல்ஷியஸ் வரை சூடு இருக்கவேண்டும். மறுகோடி 20 டிகிரியை ஒட்டி இருக்கவேண்டும். ஆமை நம்மைப்போல் தன் உடம்பின் சூட்டை உள்ளிருந்தே உண்டாக்கிக்கொள்வதில்லை. வெயிலுக்கு நகர்ந்தும் நிழலுக்கு நகர்ந்துமே அதைச் சரிசெய்துகொள்கிறது. பெட்டி முழுவதையும் ஒரே இதமான சூட்டில் வைத்தால் நமக்கு அது கருணையாகத் தோன்றும். உண்மையில், போதும் என்று விலகிப் போகும் சுதந்திரத்தை அதனிடமிருந்து பறித்துவிட்டோம்.

அடுத்தது ஒளி. ஜன்னலோரத்தில் விழும் வெயில் போதாதா? போதாது. வெயிலில் உள்ள ஒருவகைப் புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் உடம்பில் வைட்டமின் டி உண்டாகும். அது உண்டானால்தான் தின்ற சுண்ணாம்புச் சத்து எலும்பிலும் ஓட்டிலும் சேரும். அந்தக் கதிரை ஜன்னல் கண்ணாடி தடுத்துவிடுகிறது. அதற்கென்று தனி விளக்கு இருக்கிறது. ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல அந்த விளக்கிலும் கதிர் குறைந்துபோகிறது. வெளிச்சம் மட்டும் பழையபடியே இருக்கிறது. நம் கண்ணுக்கு விளக்கு எரிகிறது. ஆமையின் எலும்புக்கு அது அணைந்துவிட்டது. நாளைக் குறித்து வைத்திருந்து, எரிகிற விளக்கைக் கழற்றிவிட்டுப் புதியதை மாட்டுகிறவன்தான் அதைக் காப்பாற்றுகிறான்.

ஓட்டின் கதையும் இப்படித்தான். வீட்டில் வளரும் குஞ்சுகளின் ஓடு வழவழப்பாக வளராமல் கூம்பு கூம்பாகப் புடைத்துவிடுவது உண்டு. புரதச் சத்து மிகுந்ததால் வந்த வினை என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆப்பிரிக்க ஆமை இனம் ஒன்றை வைத்துச் செய்த ஆராய்ச்சி 2003-இல் வெளிவந்தது. உணவைவிடக் காற்றின் வறட்சியே ஓட்டை மிகுதியாகக் கெடுக்கிறது என்று அது காட்டியது. வெயில் நாட்டுப் பிராணிக்கு ஈரம் ஆகாது என்று உலர்த்தி வைத்தவர்கள் அன்பில்லாதவர்கள் அல்லர். இப்போது நாலு விரற்கடை ஆழத்துக்கு மண்ணைப் பரப்பி, குஞ்சு புதைந்துகொள்ளும்படி அடிமண்ணை ஈரமாக வைக்கச் சொல்கிறார்கள். புடைத்துப்போன ஓடு மீண்டும் பழைய வடிவுக்கு வராது. வளர்த்தவனின் பிழையை அது ஆயுள் முழுவதும் முதுகில் சுமக்கும்.

பசித்த நாய் குரைக்கும். பூனை காலைச் சுற்றும். ஆமை ஒன்றும் சொல்வதில்லை. அதன் துன்பம் நமக்குத் தெரியவரும்போது காலம் கடந்துவிடுகிறது.

எவ்வளவு செய்தாலும் சிறை சிறைதானே என்று சிலர் கேட்பார்கள். காட்டில் பிறக்கும் குஞ்சுகளில் பல பறவைக்கும் நரிக்கும் இரையாகின்றன, இங்கே உயிரோடாவது இருக்கிறது என்று வேறு சிலர் சமாதானம் சொல்வார்கள். இரு சாராரும் இரண்டு கேள்விகளை ஒன்றாக்கிவிடுகிறார்கள். அடைத்து வைக்கலாமா என்பது ஒரு கேள்வி. அடைத்தபின் கடமை என்ன என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு எவ்வளவு நல்ல விடை கண்டாலும் அது முதலாவதற்கு விடை ஆகாது. நரியிடமிருந்து காத்தேன் என்ற பெருமை, நரியின் வாயிலிருந்து மீட்டவனுக்குத்தான் உரியது. விலைக்கு வாங்கியவனுக்கு உரியது அல்ல. அதற்காக, அடைத்ததே பாவம் என்று சொல்லிக் கையை உதறிவிடவும் முடியாது. பெட்டியில் பிறந்த குஞ்சுக்குத் திரும்பிப் போகக் காடு இல்லை. வெயிலையும் மழையையும் மண்ணையும் அதற்கு இல்லாமல் செய்தவர்கள், அவை செய்யும் வேலையைத் தாங்களே செய்தாகவேண்டும். அதைத் தருமம் என்று சொல்லிக்கொள்ள இடமில்லை; அது கடன். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடிய பிராணி அது. திமோதியின் கதையைப் போல, கடன் வாங்கியவர் போனபின்பும் கடன் நிற்கும்.

நம் நாட்டில் முதல் கேள்விக்குச் சட்டமே விடை சொல்லிவிட்டது. தமிழ்நாட்டின் புதர்க்காடுகளிலும் வாழும் நட்சத்திர ஆமையை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வீட்டில் வைத்து வளர்க்கக் கூடாது. காட்டில் பிடித்தவற்றை வெளிநாடுகளுக்கு விற்பதற்கு எதிராக 2019-இல் சர்வதேசத் தடையும் வந்தது. அப்படியும் பெட்டிகளில் ஒளித்துக் கடத்துகிறவர்கள் சென்னை விமான நிலையத்தில் பிடிபட்டிருக்கிறார்கள். அதற்கு ஏற்ற வீடு எது என்று இங்கே யாராவது கேட்டால் பதில் ஒன்றுதான்: முள்ளும் புல்லும் நிறைந்த அந்தப் புதர்க்காடு.

ஆயினும் அந்த மரப்பெட்டி கற்பிக்கும் பாடம் நமக்கும் வேண்டியதே. மின்விசிறியும் மெத்தையும் உள்ள தனி அறையில் வயதான தாயைக் கொண்டுவந்து வைத்து, ‘அம்மாவுக்கு ஒரு குறையும் இல்லை’ என்று சொல்லும் மகன் பொய் சொல்லவில்லை. அவன் கண்ணுக்கு விளக்கு எரிகிறது. திண்ணையில் நாலு பேரோடு பேசிப் பழகியவளுக்கு அந்த அறையில் எது இல்லாமல் போயிற்று என்று அவன் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. நம்மை நம்பி இருப்பவர்கள் குறை சொல்லவில்லை என்பது, குறையே இல்லை என்பதற்குச் சாட்சி ஆகாது. அன்பு இருக்கிறதா என்று நம் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதோடு நின்றுவிடக் கூடாது. அது போய்ச் சேர்ந்ததா என்று அவர்களிடம் பார்க்கவேண்டும்.

ஆமை புகுந்த வீடு உருப்படுமா என்று கேட்பவர்கள், அந்த வீட்டில் ஆமை உருப்பட்டதா என்று முதலில் விசாரிக்கட்டும்.