டிரஸ்டின் துப்பாக்கி, யாருடைய வினை?

புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் தங்களைப் 'பிரகதாம்பாள் தாசர்' என்று சொல்லிக்கொண்டார்கள். சமஸ்தானம் திருக்கோகர்ணத்து அம்மனுடையது, அரசர் அவள் பெயரால் அதை நடத்தும் ஊழியர் என்பது அதன் பொருள். நவராத்திரியில் அரிசியோடு வழங்கிய அம்மன் காசின் ஒரு புறம் பிரகதாம்பாள் அமர்ந்திருப்பாள், மறுபுறம் 'விஜய' என்ற தெலுங்கு எழுத்து. அரசரின் முகம் எங்கும் இல்லை. ஆனால் 1948-இல் சமஸ்தானம் இந்தியாவோடு இணையும்வரை வரி விதித்ததும் தண்டனை கொடுத்ததும் படை வைத்திருந்ததும் அரசர்தான். உடைமை ஓரிடத்தில், பயன்பாடு வேறிடத்தில் என்ற இந்த ஏற்பாடு பக்தியில் அழகானது. துப்பாக்கி விஷயத்தில் அதே ஏற்பாடு வரும்போது ஒரு பழைய கேள்வி எழுகிறது: உடைமையைப் பலர் பெயரில் பரப்பி வைத்தால் வினையும் அப்படிப் பரவிக் கரைந்துபோகுமா?

அமெரிக்காவில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. மெஷின் கன், சைலன்சர் போன்றவற்றை 1934-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று கட்டுப்படுத்துகிறது. தனி ஆள் அவற்றை வாங்க கைரேகையும் புகைப்படமும் கொடுத்து, உள்ளூர்க் காவல் தலைவரின் கையெழுத்தும் பெற வேண்டியிருந்தது. சொத்தைப் பலர் பொறுப்பில் வைக்கும் ஒரு டிரஸ்டின் பெயரில் விண்ணப்பித்தால் இவற்றில் எதையும் கேட்கவில்லை. 2016 ஜூலை 13 முதல்தான் டிரஸ்டில் பொறுப்புள்ள ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. காவல் தலைவரின் கையெழுத்து அதோடு போய், அவருக்குத் தகவல் சொன்னால் போதும் என்றானது. அப்போதும் ஓர் ஓட்டை மிஞ்சியது. அனுமதி கிடைத்த பிறகு டிரஸ்டில் சேர்க்கப்படும் ஆள், டிரஸ்ட் அடுத்த ஆயுதத்துக்கு விண்ணப்பிக்கும்வரை சோதனைக்கு வர வேண்டியதில்லை.

நம் ஆயுதச் சட்டம் (1959) ஆளை விடுவதில்லை. உரிமம் தருமுன் காவல் நிலையத்திடம் அறிக்கை கேட்டாக வேண்டும். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துப்பாக்கியை இன்னொருவருக்கு மாற்ற நினைப்பவர் ஆட்சியருக்கோ காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் பொறுக்க வேண்டும், வாங்குபவரும் அதை வைத்திருக்கத் தகுதியுள்ளவராக இருக்க வேண்டும். முதலாளியின் துப்பாக்கியைத் தூக்கிச் செல்லும் காவலாளியின் பெயருக்கும் உரிமப் படிவத்தில் இடமுண்டு.

இந்தக் கண்டிப்புக்கு ஒரு தத்துவ அடிப்படை வேண்டுமானால் புதுக்கோட்டையை விட்டு வெளியே போக வேண்டாம். சித்தன்னவாசல் ஏழடிப்பட்டக் குகையின் கற்படுக்கைகளில் படுத்திருந்த சமணத் துறவிகளின் மரபு, வினையை மூன்று வாசல் வழியாகப் பார்த்தது: தானே செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், பிறர் செய்வதற்கு உடன்படுதல். மூன்றுமே உயிரைக் கட்டும். மூன்று பேர் சேர்ந்தால் ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று அங்கே கழித்துக்கொள்ள முடியாது, அவரவர் வினை அவரவர் உயிரில் ஒட்டுகிறது. இல்லறத்தாருக்கு அந்த மரபு விதித்த நோன்புகளில் ஒன்று, பயனின்றித் தீங்கு செய்யாதிருத்தல். கொல்லும் கருவியைப் பிறருக்குக் கொடுப்பதை அந்த நோன்புக்கு விரோதமான செயல்களில் ஒன்றாக வைத்தார்கள். சுட்டவன் மட்டுமல்ல, கைமாற்றியவனும் கணக்கில் வருகிறான். வினை ஒட்டுவதற்கு உயிர் வேண்டும். டிரஸ்டுக்கு உயிர் இல்லை. ஆகவே டிரஸ்டின் துப்பாக்கியால் விளையும் வினை யாரையாவது சேர்ந்துதான் ஆக வேண்டும், அந்த 'யாராவது' யார் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் பின்னணிச் சோதனை.

கோயில் சாமிக்கே சட்டம் ஆள்தன்மை தந்திருக்கிறதே, டிரஸ்டுக்கு ஏன் பொறுப்பு இருக்கக் கூடாது என்று கேட்கலாம். உண்மைதான், சாமி பெயரில் நிலம் இருக்கிறது, வழக்கும் நடக்கிறது. ஆனால் அதே சட்டம் சாமியை மைனராகப் பாவித்து, அதன் சார்பில் பேச மனிதர் ஒருவரை நிறுத்துகிறது. (21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி கூடாது என்கிற ஆயுதச் சட்டத்தின்படி பார்த்தால் அம்மனுக்கே லைசென்ஸ் கிடைப்பது கஷ்டம்.)

துப்பாக்கியை டிரஸ்டில் வைக்கும் அமெரிக்கக் குடும்பங்களின் வாதத்துக்கு இதைவிடக் கனம் உண்டு. அப்பா இறந்த மறுநாளே, பீரோவில் இருக்கும் அவருடைய துப்பாக்கிக்காக மகள் குற்றவாளி ஆகிவிடக் கூடாது, அதற்குத்தான் டிரஸ்ட் என்கிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. அதைப் போக்க ஆள் பார்க்காமல் விடவேண்டியதில்லை. நம் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, எழுபது வயதானவரோ இருபத்தைந்து ஆண்டு துப்பாக்கி வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசைக் குறித்துக் கொடுக்கலாம். வாரிசு தன் பெயரில் விண்ணப்பித்து உரிமம் பெற வேண்டும். வழியும் இருக்கிறது, சோதனையும் இருக்கிறது.

கடினமான ஆட்சேபம் புதுக்கோட்டை மாவட்டத்து நார்த்தாமலையிலிருந்து வருகிறது. 2021 டிசம்பர் 30 அன்று மத்தியத் தொழிற்பாதுகாப்புப் படையினர் சுட்டுப் பழகிக்கொண்டிருந்தபோது, பயிற்சித் தளத்துக்கு வெளியே தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுச் சிறுவனின் தலையில் குண்டு பாய்ந்தது. 2022 ஜனவரி 3 அன்று தஞ்சாவூர் மருத்துவமனையில் அவன் இறந்தான். விசாரித்துத் தேர்ந்தெடுத்த ஆட்கள், அரசாங்கத்தின் துப்பாக்கிகள். இவ்வளவு சோதனையும் ஒரு பிள்ளையைக் காப்பாற்றவில்லையே என்றால், ஆம், காப்பாற்றவில்லை. நடத்தையை விசாரிப்பது வேறு, குண்டு போகும் திசையைக் காப்பது வேறு. ஒன்றை நம்பி மற்றதை விட முடியாது. ஆனாலும் அந்தச் சாவுக்குப் பின் நடந்ததைப் பாருங்கள். அரசு நிவாரணம் அறிவித்தது. ஒரு நிறுவனத்தால் அவ்வளவு செய்ய முடியும். அதனால் வருந்த முடியாது, தூக்கம் கெட முடியாது. புலன்விசாரணை கேட்டாக வேண்டிய கேள்வியோ அந்தக் குண்டு எந்தத் துப்பாக்கியிலிருந்து புறப்பட்டது, அது அப்போது யார் கையில் இருந்தது என்பதுதான். பெயர்ப் பதிவேடு உள்ள படையில் அதற்கு விடை தேட ஒரு வழி இருக்கிறது. இடையில் சேர்ந்த ஆளை விசாரிக்காமலே ஆயுதத்தைத் தொடவிடும் டிரஸ்டில் அந்தக் கேள்வியைச் சாவுக்குப் பிறகுதான் முதல்முறையாகக் கேட்பார்கள். ஆகவே அமெரிக்க விதி அடைக்க வேண்டிய ஓட்டை இதுதான்: டிரஸ்டின் பத்திரத்தில் புதுப் பெயர் ஏறும் நாளிலேயே கைரேகையும் ஏற வேண்டும்.