உறுப்புத் திருத்தமும் உயிரின் வேட்கையும்

அழகு குறித்து உடம்பினைக் கத்தியாலும் ஊசியாலும் திருத்திக்கொள்ளுதல் சைவநெறி நிற்பார்க்குத் தகுவதோ தகாததோ என்னும் வினா, இந்நாளில் மடங்களை நாடிவரும் அன்பரிடத்தினின்றும் எழுகின்றது. வினவுவோர் பெரும்பாலும் தம்பொருட்டு வினவுவாரல்லர். மகளின் மூக்கு, மகனின் வழுக்கை, மருமகளின் நிறம் என இவை பற்றியே வினவுவர். இதற்கு நம்மவர் இறுக்கும் விடை இரண்டு. யாக்கை நிலையாதது, மலக்குரம்பை, அதனை ஒப்பனை செய்தல் பேதைமை என்பது ஒன்று. வினைக்கீடாக இறைவன் கூட்டிய உடம்பினை மாற்றுதல் அவன் ஆணைக்கு மாறாம் என்பது மற்றொன்று. இரண்டும் சொல்லுதற்கு எளியன. ஆராய்ந்தவழி இரண்டும் நில்லா என்பது எம் கருத்து.

பின்னதை முதற்கண் நோக்குவாம். பிராரத்தமாவது உடம்பு மாத்திரையன்று. அவ்வுடம்பிற்கு நேரும் நோயும், நோய்க்கு வாய்க்கும் மருத்துவனும், மருந்து பலித்தலும் பலியாமையும் அதனுள் அடங்கும். கூன் வினையால் வந்தது, அதனை நிமிர்த்தலாகாது எனின், சுரத்திற்குக் கசாயம் பருகுதலும் ஆகாதென முடியும். பெரிய புராணம் காட்டுவது வேறு. பாண்டியனின் வெப்புநோய் தீர்த்த ஆளுடைய பிள்ளையார் திருவாக்கினாலேயே அவன் கூனும் நிமிர்ந்தது. தண்டியடிகள் திருவாரூரிற் கண் பெற்றார். நம்பியாரூரர் திருத்துருத்தியில் மேனிநோய் நீங்கினார். கச்சியில் ஒரு கண்ணும் ஆரூரில் மற்றொரு கண்ணும் வேண்டியே பெற்றார். உறுப்பின் குறையை நீக்க வேண்டுதல் அருளுக்கு மாறாயின் இவையெல்லாம் நிகழ்ந்திரா.

இனி யாக்கை இழிந்ததென்னும் கூற்று. மாயையின் காரியமாகிய தனுவினைத் திருவருட்பயன் விடியுமளவும் நின்றுதவும் விளக்கிற்கு ஒப்பிடும். விளக்கென்று கொண்டவழி, திரியைத் தூண்டுதலும் உடைந்த சிமிழியை மாற்றுதலும் ஏற்புடையனவேயாம். சிமிழிக்குப் பொன்முலாம் பூசுதற்குப் பொழுதெல்லாம் செலவிட்டு, அவ்வொளியில் ஓர் ஏடும் படியாது இரவு கழியுமாயின், ஆண்டே குற்றம் உண்டாகும். ஆகவே திருத்துதல் என்னும் செயலில் நன்மையுமில்லை, தீமையுமில்லை. செயலை ஏவும் வேட்கையை நோக்கியே தகுதி துணியப்படும்.

இக்கலை மேல்நாட்டார் நேற்றுக் கண்டதென்று எண்ணுவாரும் உளர். அறுபட்ட மூக்கினைக் கன்னத்துத் தோல்கொண்டு அமைத்தலையும், கிழிந்த காதுமடலைப் பொருத்துதற்கு 15 வகைகளையும் சுசுருத சங்கிதை கூறும். 1794-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்து இலண்டன் ‘ஜென்டில்மென்ஸ் மாகசீன்’ இதழ், திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு மூக்கறுபட்ட வண்டியோட்டி ஒருவனுக்குப் பூனாவை அடுத்த இடத்தில் நெற்றித்தோல்கொண்டு மூக்கு அமைத்த செய்தியைப் படத்துடன் வெளியிட்டது. அம்முறையைக் கைக்கொண்ட ஜோசப் கார்ப்யூ என்னும் ஆங்கில மருத்துவர் 1814-இல் தாமும் செய்து பார்த்து, 1816-இல் நூலாக எழுதினார். முதல் உலகப் போரில் முகஞ்சிதைந்த போர்வீரர்க்கு ஹெரால்டு கில்லீசு என்பார் செய்த பணியினின்று இக்கலை பின்னும் விரிந்தது.

சிதைந்ததை அமைத்தல் தகும், அழகுக்குச் செய்தல் தகாது என ஒரு கோடு கிழித்துவிடலாமே எனின், அக்கோடும் நேராக ஓடுவதன்று. 1940-களின் இறுதியில் வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பால் பிராண்டு என்னும் மருத்துவர், தொழுநோயால் மடங்கிய விரல்களை நரம்புத் தசை மாற்றி நிமிர்த்தும் முறையைத் தொடங்கினார். கை நிமிர்ந்தமட்டில் காரியம் முடிந்ததில்லை. நோய் முற்றும் நீங்கியும், புருவமயிர் உதிர்ந்து மூக்குத்தண்டு அமிழ்ந்த முகமானது அவரைத் தொழுநோயாளர் என்றே ஊரார்க்குக் காட்டிற்று. வேலை கொடுப்பார் இலர், அருகிருப்பார் இலர். ஆதலின் தலைத்தோலினின்று புருவம் அமைத்தலும் மூக்கினை உயர்த்துதலும் வேண்டப்பட்டன. புருவமின்மையால் ஓர் உறுப்பின் தொழிலும் கெடுவதில்லை, அஃது அழகே. ஆயினும் அவ்வழகின்றி அவர் சோறு பெறுதல் அரிதாயிருந்தது. பிளந்த உதட்டோடு பிறந்த குழவிக்கும், தீயால் வெந்த முகத்தினளுக்கும் இஃது ஒக்கும். இவரிடம் சென்று யாக்கை நிலையாமை பேசுதல் ஞானமாகாது. பேசுவோர் தம் முகம் சிதையாமையின் பேசுகின்றனர்.

அற்றேல், எதனை அளவுகோலாகக் கொள்வது? காரைக்காலம்மையார் வரலாற்றில் அதற்கு விடையுண்டு. அம்மையார் தம் வனப்பினைக் கணவன் உளனாயிருந்த காலத்து வெறுத்ததாகச் சேக்கிழார் கூறவில்லை. பாண்டி நாட்டில் வேறு மனையறம் பூண்டிருந்த கணவன் தம் அடியில் வீழ்ந்தபின்னரே, அவன்பொருட்டுத் தாங்கிய தசைப்பொதியினைக் கழித்துப் பேய்வடிவு வேண்டினார். வடிவு யார்பொருட்டு என்பதனை அவர் ஐயமற அறிந்திருந்தார். அப்பொருட்டு ஒழிந்தவுடன் வடிவினையும் ஒழித்தார். முதுமையில் திருநீலகண்டக் குயவனாரும் மனைவியாரும் குளத்து மூழ்கி இளமையோடு எழுந்தனர் என்பதும் ஈண்டு நினையத்தக்கது. இளமை அவர் வேண்டாதே வந்தது. வேண்டிப் பெறுவார்க்கோ, யார்பொருட்டு வேண்டுகின்றேம் என்னும் வினாவே முதற்கண் அறியவேண்டுவது.

உயிர் சார்ந்ததன் வண்ணமாவது என்பது நம் கொள்கை. காணும் கண்ணும் தன்னைத் தான் காணாது. பிறிதொன்றில் நோக்கியே காணும். அப் பிறிதொன்று பிழைபடின் காட்சியும் பிழைபடும். இந்நாளில் பலர் தம் முகத்தைக் காண்பது கண்ணாடியிலன்று, கைப்பேசியின் படத்தில். ஓரடித் தூரத்தினின்று எடுக்கும் படத்தில் மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 விழுக்காடு மிகுந்து தோன்றும் எனவும், ஐந்தடித் தூரத்தில் அம்மிகை இல்லை எனவும் அமெரிக்க மருத்துவர் சிலர் 2018-இல் கணக்கிட்டுக் காட்டினர். படத்திற் கண்ட மூக்கினை வெட்டக் கேட்டு வருவார்க்கு, இல்லாத மூக்கின்பொருட்டு உள்ள மூக்கு அறுபடும்.

பிறர் கண்ணும் ஒரு கண்ணாடியே, அதனினும் கொடியது. பெண்ணின் நிறம் மங்கலென மணமகன் வீட்டார் கூறியதற்கே வெண்பசை தேடிச் செல்லும் பெற்றோரை யாம் அறிவேம். நிறம் வெளுப்பிப்பதாக விற்கப்படும் பசைகள் சிலவற்றிற் பாதரசம் கலந்துள்ளது. அது தோலின் வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். அண்மை ஆண்டுகளில் கேரளத்து மலப்புறம் மாவட்டத்திலே இத்தகைய பசை பூசினோர் சிறுநீரக நோயுற்றமையை மருத்துவர் கண்டறிந்து எழுதியுள்ளனர். நீலகண்டனையும் காளியையும் கரிய நிறத்திலே போற்றும் நாவால், மருமகளின் நிறத்தை இகழ்தல் எந்நூலிற் கற்றதோ அறியோம். இவ்விடத்து மருந்து வேண்டுவது இகழ்ந்தார்க்கே. நோயற்றவள்மேல் அதனைப் பூசுதல் முறையன்று.

இனி, தம் வேட்கையைத் தாமே ஆராய்ந்து தெளிந்து, திருத்திக்கொள்ளுதலே துணிபென்று நிற்பார் அறியவேண்டுவனவும் சில உள. மூக்கினை அறுத்துத் திருத்தியபின் வீக்கம் முற்றும் அடங்கி வடிவு நிலைபெற ஏறக்குறைய ஓராண்டு செல்லும். முதல் அறுவை பிழைத்தவழி இரண்டாவது அதனினும் அரிது. நெற்றிச் சுருக்கம் போக்கும் பொட்டுலினம் ஊசியின் பயன் மூன்று நான்கு திங்களளவே. பின்னும் பின்னும் இடல் வேண்டும். கன்னமும் உதடும் பருக்க இடும் நிரப்பு மருந்து இரத்தக்குழாயுட் புகுமாயின் தோல் அழுகுதலும், அரிதாகக் கண்ணொளி போதலும் உண்டு. கொழுப்பினை உறிஞ்சி எடுத்தல் உடற்பருமனுக்கு மருந்தன்று. மார்பில் வைக்கும் சிலிக்கோன் பைகள் வாழ்நாளெல்லாம் நிற்பனவல்ல. 2010-இல் பிரான்சு நாட்டு நிறுவனம் ஒன்று மருத்துவத்திற்கு உரியதல்லாத சிலிக்கோனை அடைத்து விற்றமை வெளிப்பட்டுப் பன்னாட்டு மகளிரும் துன்புற்றனர். நம் போன்ற கருந்தோலினர்க்கு வடு தடித்தெழுதலும், ஒளிக்கதிர்ச் சிகிச்சையால் நிறம் திட்டுத் திட்டாக மாறுதலும் வெண்டோலினரினும் மிகுதி.

செய்பவர் யாவர் என்பது இவையனைத்தினும் பெரிது. சென்னையில் 2016-இல் மயிர் நடுதல் செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் உயிரிழந்தார். தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் வெளியிட்ட நெறிமுறை, பட்டறைகளிற் பார்த்தும் இணையத்துக் காட்சி கண்டும் கற்றது இவ்வகைச் சிகிச்சைக்குப் போதிய பயிற்சியாகாதெனத் தெளிவாக உரைக்கின்றது. ஆதலின் ஒப்பனைக் கடையின் பின்னறையில் மயக்க மருந்து ஏற்றுக்கொள்ளுதல், எத்துணைக் குறைந்த விலையாயினும், தகாது. மருத்துவரின் பட்டமும், மயக்கமளிப்பவர் உடனிருப்பாரோ என்பதும், இடர் நேரின் கொண்டுசெல்லும் மருத்துவமனை யாதென்பதும் வினவுதல் வேண்டும். வினவுதலை விரும்பாத மருத்துவர்பால் உடம்பினை ஒப்பித்தல் வேண்டா.

எத்துணை திருத்தினும் அமையாதோரும் உளர். 1891-இல் இத்தாலிய மருத்துவர் மோர்செல்லி இந்நிலைக்கு ஒரு பெயரிட்டு எழுதினார். பிறர் கண்ணுக்குப் புலனாகாத சிறு குறையினை நாளெல்லாம் எண்ணி, கண்ணாடிமுன் நின்று, வெளிச்செல்லவும் நாணுவர். இவர்க்கு அறுவை பெரும்பாலும் ஆறுதல் தருவதில்லை. மூக்கில் நின்ற துயர் மோவாய்க்கு ஏறும். இவரை அகந்தையுடையார் என்று பழித்தல் பெரும்பிழை. துயருறும் இவர்க்கு மனநோய் மருத்துவரே உரியர். ஆணவம் என்பதனைச் செருக்கென்று மட்டும் பொருள்கொள்ளும் வழக்கம் இவ்விடத்தும் தீங்கு செய்கின்றது. ஆணவமாவது அறிவை மறைக்கும் இருள். தன்னைத் தாழ்த்தியே காணுதலும் அவ்விருளின் வேலையே.

மடத்தின்கண் இருப்பார் செய்யத்தக்கது யாதெனின், பெற்றோர் மகளை அழைத்து வந்து வினவும்பொழுது, பெற்றோரைப் புறத்தே இருத்தி அவளையே தனித்துக் கேட்டல். பதினெட்டு நிரம்பாதவளாயின், சிதைவும் பிறவிக்குறையும் அல்லாத திருத்தத்தினைத் தள்ளிவைக்கச் சொல்லுதல். நிரம்பினவளாயினும், திருமணத்திற்கு நாள் குறித்துவிட்டோம் என விரைவாரிடம் இசையாதிருத்தல். ஓராண்டு பொறுத்தபின்னும் அவளே தன்பொருட்டு வந்து வேண்டுவாளாயின், தக்க மருத்துவரிடம் அனுப்புதலில் யாம் குற்றமொன்றும் காண்கிலேம். அறிந்தார் ஒருவர் உடன்சென்று, கையொப்பமிடுமுன் ஒப்புதற் பத்திரத்தை அவளுக்குத் தமிழிற் படித்துப் பொருள் சொல்லுதலும் நன்று.